யார் கதவைத் தட்டுவது? துப்பாக்கிச் சட்டமும் ஜொகூர் மக்களின் குரலும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் தாமானில் ஒரு வழிப்பறி நடந்து விட்டால், எங்கோ ஒரு துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்து விட்டால், மறுநாள் காப்பிக்கடையில் ஒரே பேச்சுதான். "சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும்", "பிடித்து உள்ளே போட வேண்டும்" என்கிறோம். பத்து நாள் போனதும் மறந்து விடுகிறோம். நாம் மறந்த பிறகுதான் சட்டம் எழுதப்படுகிறது. அப்போது நம் குரல் அங்கே இருப்பதில்லை.

ஜொகூர்வாசிகளுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2024 மே 17 விடியற்காலையில் உலு திராம் போலீஸ் நிலையத்துக்குள் பாராங்குடன் ஒருவன் புகுந்தான். இரண்டு காவலர்கள் உயிரிழந்தார்கள். காவலரின் துப்பாக்கியையே பறித்து அவன் சுட்டான். போலீஸ் நிலையத்துக்கே இந்த நிலை என்றால் நம் வீட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று மக்கள் கேட்டது நியாயம். அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதே இன்றைய பேச்சு.

சட்டம் யார் கையில்?

நான் சட்டம் படித்தவன் அல்லன். மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து ஒலிவாங்கியைப் பிடித்தவன். ஆனாலும் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு குழப்பத்தைக் காண்கிறேன். துப்பாக்கி, போலீஸ், சிறை பற்றிய குறையை எல்லாம் மக்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டு போகிறார்கள்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று துப்பாக்கிச் சட்டம் இயற்றலாம். நம் நாட்டில் அப்படி இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, ஆயுதங்களையும் போலீசையும் குற்றவியல் சட்டத்தையும் கூட்டரசின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஜொகூர் சட்டமன்றத்தில் 56 உறுப்பினர்கள் இருந்தாலும் துப்பாக்கிச் சட்டத்தில் ஒரு வரியைக்கூட அவர்களால் மாற்ற முடியாது. அதற்குரியவர்கள் ஜொகூரிலிருந்து மக்களவைக்குப் போகும் 26 பேர்.

அப்படியானால் மாநிலத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. ஊராட்சியும் வியாபார லைசென்சும் மாநிலத்தின் கையில் உள்ளன. 2016 ஜனவரி 1 முதல் ஜொகூரில் வேப் விற்பனை தடை செய்யப்பட்டது நினைவிருக்கும். மாநிலம் மனம் வைத்தால் தன் எல்லைக்குள் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. தெரு விளக்கு, கேமரா, இருண்ட சந்து, இரவுக் கேளிக்கை மையம் ஆகியவற்றுக்கு மாநகர் மன்றத்தையும் சட்டமன்ற உறுப்பினரையும் பாருங்கள். துப்பாக்கிக்கும் தடுப்புக் காவலுக்கும் நாடாளுமன்ற உறுப்பினரைப் பாருங்கள்.

இருக்கும் சட்டம் என்ன?

தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களுக்குத் தெரியும். பன்றித் தொல்லைக்காகத் துப்பாக்கி வைத்திருப்பவர், லைசென்சைக் கண்ணைப் போல் காப்பார். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அந்த லைசென்சை வழங்குபவர் மாநிலப் போலீஸ் தலைவர். கொடுப்பதும் மறுப்பதும் அவர் முடிவு. துப்பாக்கி வைத்திருப்பது நம் நாட்டில் உரிமை அன்று, அனுமதி.

அதற்கு மேல் 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டம் இருக்கிறது. சட்ட விரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. கொள்ளை, ஆள்கடத்தல் போன்ற குற்றங்களைச் செய்யும்போது சுட்டால், யாருக்கும் காயம் இல்லாவிட்டாலும் தூக்கு. உடனிருந்த கூட்டாளிக்கும் தூக்கு. தடுக்க முயன்றேன் என்பதை அவனே மெய்ப்பித்தால்தான் தப்பலாம். நீதிபதி வேறு தண்டனை தர விரும்பினாலும் வழியில்லை. 2023 வரை இதுதான் நிலை.

இரு பக்கமும் பேசியதால் வந்த மாற்றம்

2018 அக்டோபரில் அரசாங்கம் மரண தண்டனையை முற்றாக ஒழிக்கப் போவதாக அறிவித்தது. வழக்கறிஞர் மன்றமும் மனித உரிமை அமைப்புகளும் தூக்குக் கைதிகளின் குடும்பங்களும் பல ஆண்டுகள் கேட்டு வந்தது அது. ஆனால் கொலையுண்டவர்களின் குடும்பங்கள் வேறு குரலில் பேசின. "எங்கள் பிள்ளைக்கு நியாயம் எங்கே?" என்று கேட்டன. அந்தக் கண்ணீரையும் ஒதுக்க முடியாது.

அரசாங்கம் தன் நிலையை மாற்றியது. மாற்றுத் தண்டனைகளை ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி ரிச்சர்ட் மலஞ்சும் தலைமையில் 2019இல் ஒரு குழு அமைந்தது. முடிவில் 2023 ஏப்ரலில் நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஜூலை 4இல் அது நடப்புக்கு வந்தது. தூக்கு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. கட்டாயத் தூக்கு போய்விட்டது. கொள்ளையின்போது சுட்டவனுக்குத் தூக்கா, 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் குறைந்தது 12 பிரம்படியுமா என்பதை இப்போது நீதிபதி தீர்மானிக்கலாம். ஏற்கனவே தண்டனை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுபரிசீலனை கேட்கும் வாய்ப்பும் கிடைத்தது.

இரு தரப்புக்கும் முழு வெற்றி இல்லை. இரு தரப்பின் சொல்லும் சட்டத்தில் ஏறியிருக்கிறது. பேசாமல் இருந்தவர்களின் சொல்தான் அதில் இல்லை.

அச்சத்தில் பிறக்கும் சட்டம்

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2013 ஜூலை இறுதியில் குற்றச்செயல் கண்காணிப்பு அமைப்பான மைவாட்ச்சின் தலைவர் ஆர். ஸ்ரீ சஞ்சீவன் நெகிரி செம்பிலானில் சுடப்பட்டு உயிர் தப்பினார். இரண்டு நாளில் வங்கியாளர் ஹுசேன் அகமட் நஜாடி கோலாலம்பூரில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே நடுங்கியது. "ஏதாவது செய்யுங்கள்" என்றோம். அந்த 'ஏதாவது' அக்டோபரில் வந்தது. 1959ஆம் ஆண்டு குற்றத் தடுப்புச் சட்டமான போகா திருத்தப்பட்டது. நீதிமன்ற விசாரணை இல்லாமல் ஒருவரை இரண்டு ஆண்டு தடுத்து வைக்கவும், அதை நீட்டிக்கவும் ஒரு வாரியத்துக்கு அதிகாரம் கிடைத்தது.

சொஸ்மா என்ற பெயர் நம்மவர் வீடுகளில் இன்னும் பழக்கம். 2012இல் நடப்புக்கு வந்த அந்தச் சட்டத்தின்படி 28 நாள் வரை போலீஸ் காவல். வழக்குத் தொடுத்த பிறகும், பெண்கள், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், நோயாளிகள் தவிர மற்றவர்களுக்கு ஜாமீன் கிடையாது. குண்டர் கும்பல் வழக்குகளுக்கும் அது பயன்படுகிறது. சம்பாதிக்கும் ஒரே ஆள் உள்ளே போனால், குற்றவாளியோ நிரபராதியோ, தீர்ப்பு வரும் முன்பே அந்தக் குடும்பம் தண்டனை அனுபவிக்கிறது.

குண்டர்களுக்குப் பரிந்து பேசுவதாக எண்ண வேண்டாம். துப்பாக்கி தூக்கியவன் தண்டனை பெறட்டும். தூக்கினானா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

இரண்டே ஓட்டு

"நம்ம பேச்சை யாருங்க கேட்கிறா?" என்று அரங்கில் ஓர் அம்மா கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

சொஸ்மாவின் 28 நாள் காவல் விதியை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் புதுப்பிக்க வேண்டும். 2022 மார்ச் 23இல் அந்தத் தீர்மானம் மக்களவைக்கு வந்தது. ஆதரவு 84, எதிர்ப்பு 86. இரண்டே ஓட்டில் தோற்றது! ஜூலையில் அரசாங்கம் மீண்டும் கொண்டு வந்து நிறைவேற்றியது என்பது வேறு விஷயம். இந்த விதி தேவை என்று நினைத்தாலும் தேவையில்லை என்று நினைத்தாலும், உங்கள் தொகுதி ஒய்.பி. அன்று அவையில் இருந்தாரா, எப்படி வாக்களித்தார் என்று நீங்கள் கேட்டதுண்டா? அந்தத் தீர்மானம் தந்த தவணை 2027 ஜூலை வரை.

பொறுமையும் வேண்டும். போலீசார் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது 2005இல். போலீஸ் நடத்தை மீதான சுயேச்சை ஆணையத்தின் சட்டம் நடப்புக்கு வந்தது 2023 ஜூலை 1இல். 18 ஆண்டு! அதுவும் கேட்ட அதிகாரம் முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் காவலில் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் கேட்காமல் இருந்திருந்தால் அந்த அளவும் வந்திருக்காது.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, நேரம். மசோதா முதல் வாசிப்புக்கு வந்ததும் அதன் வாசகம் வெளியாகி விடும். இரண்டாம் வாசிப்பில்தான் விவாதமும் வாக்கெடுப்பும். இடைப்பட்ட நாள்களே நம் நாள்கள். மாமன்னர் ஒப்புதல் தந்து அரசிதழில் வந்த பிறகு மனு கொடுப்பது, பேருந்து போன பிறகு கை காட்டுவது.

இரண்டாவது, கடிதம். ஒரே பக்கம், மலாய் மொழியில். எந்தச் சட்டம், எந்த விதி, என்ன மாற்றம் என்று ஒரே ஒரு கோரிக்கை. நீங்கள் அந்தத் தொகுதி வாக்காளர் என்பதையும் குறிப்பிடுங்கள். சேவை மையத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

மூன்றாவது, கூட்டம். கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், ருக்குன் தெத்தாங்கா எல்லாம் நம்மிடம் உண்டு. பக்கத்து வீட்டு மலாய்க்காரரையும் சீனரையும் சேர்த்துக் கொள்ளுங்கள். திருடன் இனம் பார்த்து வருவதில்லை. மக்களவைக்கு மனு போக வேண்டுமானால் ஓர் உறுப்பினர் வழியாகத்தான் போக முடியும். பல இனத்தவர் கையெழுத்திட்ட மனுவை எந்த ஒய்.பி.யும் எளிதில் ஓரம் கட்ட மாட்டார்.

நான்காவது, பதில். ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போய்க் கேளுங்கள். இந்த இடத்தில்தான் நம்மில் பலர் நின்று விடுகிறோம்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். சரியான கதவின் முன் நின்று அழ வேண்டும், அவ்வளவுதான். இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் யார், அவருடைய சேவை மையம் எங்கே என்று வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். மற்றதை அங்கிருந்து தொடங்கலாம்.