ஏழூர்ப் பல்லக்கும் முதுமையின் நினைவாற்றலும்

சித்திரைப் பெருவிழாவின் நிறைவில், திருவையாற்று ஐயாறப்பர் அறம்வளர்த்த நாயகியோடு பல்லக்கில் எழுந்தருளி ஏழூர் வலம் புறப்படுகிறார். திருமழபாடியில் மணம் முடித்த நந்திகேசுவரரும் சுயசாம்பிகையும் உடன் செல்கின்றனர். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் எனப்படும் திருநெய்த்தானம் ஆகிய தலங்களைக் கண்டு, பல்லக்கு மீண்டும் ஐயாறு திரும்புகிறது. காவிரியையும் குடமுருட்டியையும் கடந்து, வயலோரமும் தோப்போரமும் அடியார் கூட்டம் உடன் நடக்கிறது.

நந்தியெம்பெருமானின் திருமணத்திற்குப் பழனத்திலிருந்து பழங்களும், சோற்றுத்துறையிலிருந்து அன்னமும், வேதிகுடியிலிருந்து வேதியரும், கண்டியூரிலிருந்து அணிகலன்களும், பூந்துருத்தியிலிருந்து மலர்களும், நெய்த்தானத்திலிருந்து நெய்யும் வந்தன என்பது தல வழக்கு. உதவிய ஊர்களுக்கு நன்றி கூறவே இந்த வலம் என்பர் பெரியோர். ஓரூரின் சீர் மட்டும் வந்திருந்தால் அந்தத் திருமணம் நிறைந்திராது.

முதுமையில் அறிவும் நினைவும் மங்காதிருப்பதற்கான வழியை ஆராயும் மருத்துவ உலகம் இன்று வந்தடைந்திருக்கும் முடிவும் இதனோடு ஒத்துப்போகிறது. ஒரே மருந்தோ ஒரே பழக்கமோ அதைக் காத்துவிடுவதில்லை. பல சீர்கள் ஒன்றுகூட வேண்டியிருக்கிறது.

வராமற்போகும் அடியார்

ஒவ்வோர் ஊர்க் கோயிலிலும் இது நிகழ்கிறது. பிரதோஷம் தவறாது வந்துகொண்டிருந்த மூத்தவர் ஒருவர் மெல்ல வருவதை நிறுத்துகிறார். முதலில் முழங்கால் வலி காரணமாகச் சொல்லப்படுகிறது. பிறகு காது கேட்கவில்லை என்கிறார்கள். சில ஆண்டுகளில், நாள்தோறும் ஓதிய பதிகத்தின் அடுத்த வரி அவருக்கு நினைவில் வருவதில்லை. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் அமைதியடைகின்றனர்.

அங்கேதான் பிழை நேர்கிறது. கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது முதுமையின் இயல்பு. பழகிய தெருவில் வழி தவறுவதும், சமைத்த அடுப்பை அணைக்க மீண்டும் மீண்டும் மறப்பதும், பேரப்பிள்ளைகளின் பெயர் மறப்பதும் மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது.

மறதி எல்லாமே தீராத நோயும் அன்று. தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவற்றாலும் நினைவு மங்கும். மரக்கறி உணவு மட்டுமே உண்போரிடம் பரவலாகக் காணப்படும் வைட்டமின் பி12 குறைபாடும் அத்தகையதே. இவற்றை இரத்தப் பரிசோதனையாலும் மருத்துவரின் விசாரணையாலும் கண்டறிந்து சரிசெய்ய இயலும்.

பதினான்கு காரணங்கள்

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய பதினான்கு காரணங்களைப் பட்டியலிட்டது. கல்விக்குறைவு, செவித்திறன் இழப்பு, திருத்தப்படாத பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகை, மிகுதியான மது, மனச்சோர்வு, தலைக்காயம், காற்று மாசு, தனிமை ஆகியவையே அவை. இவற்றை எல்லாம் களைய முடிந்தால், உலகில் மறதி நோயின் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு.

இப்பட்டியலைத் தஞ்சைத் தரணியின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பது பயனுடையது. நெற்களஞ்சியத்தில் மூன்று வேளையும் அரிசியே உணவு. ஏரும் நடவும் இருந்த நாளில் அந்தச் சோறு வயலிலேயே செரித்தது. இன்று அதே அளவு சோறு, திண்ணையிலும் தொலைக்காட்சி முன்னும் அமர்ந்திருக்கும் உடலுக்குச் செல்கிறது. நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் இருப்பதாக 2023இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சர்க்கரையும் அழுத்தமும் ஓசையின்றிச் சிதைக்கின்றன. சர்க்கரைப் பொங்கல் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றி ஒரு விரலளவு உண்டு, எஞ்சியதைக் குழந்தைக்குக் கொடுப்பதில் பக்தி குறைந்துவிடாது. ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைத்தால் இரத்த அழுத்தம் கட்டுக்குள் நிற்பது எளிதாகும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இவ்விரண்டிற்கும் பரிசோதனையும் மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. பெற்றுக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

செவியும் துணையும்

பட்டியலில் பலரும் எண்ணிப் பாராதது செவி. காது மந்தமானவர் பேச்சில் கலந்துகொள்ளக் கூசுகிறார். ஓதுவாரின் குரல் எட்டாதபோது கோயிலிலும் அவருக்குத் தனிமைதான். அமெரிக்காவில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், எழுபது வயதைக் கடந்தோருக்குச் செவிக்கருவி அளித்து மூன்றாண்டுகள் கவனித்தனர். மொத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் மறதிக்கான ஆபத்து மிகுந்திருந்தோரிடம் அறிவுத்திறன் குறையும் வேகம் ஏறத்தாழப் பாதியாயிற்று. கண்ணாடி அணிய நாணாதவர் செவிக்கருவிக்கு மட்டும் நாணுவது ஏன்? கண்புரையையும் காலம் கடத்தாமல் நீக்கிக்கொள்வது நலம்.

தனிமை மற்றொரு பெருங்குறை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, டெல்டாவின் பல தெருக்களில் பெரிய வீடுகளில் ஒருவரோ இருவரோதான் விளக்கேற்றுகின்றனர். கோயில் இவ்விடத்தில் பெருந்துணை. அங்கே நடந்து செல்ல வேண்டும், பிரகாரம் சுற்ற வேண்டும், நாலு பேரிடம் பேச வேண்டும், பூத்தொடுக்க வேண்டும். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் விசாரிக்க ஆளிருக்கும்.

கற்றலுக்கு வயதில்லை

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடன் முழக்கக் கருவி இசைப்போர் இருவரையும் இராசராசர் நியமித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. நினைவிலேயே நூலைச் சுமக்கும் மரபு இந்த மண்ணுக்குப் பழையது. யஜுர்வேதம் கற்றுத் தேர்ந்த 21 பண்டிதர்களின் மூளையைப் படமெடுத்து 2016இல் வெளியான ஆய்வில், நினைவோடு தொடர்புடைய சில பகுதிகள் பிறரைக் காட்டிலும் தடித்திருந்தன. ஆயினும், ஓதினால் மறதி நோய் வராது என்பதற்கு இது சான்றாகாது. அந்த ஆய்வு அதைச் சோதிக்கவில்லை.

மொழி குறித்த சான்று இதனினும் நெருக்கமானது. ஐதராபாத்தின் நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்தில் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, இரண்டு மொழி பேசுவோருக்கு மறதி நோய் நான்கரை ஆண்டுகள் பிந்தியே தோன்றியது. எழுத்தறியாதவரிடமும் இவ்வேறுபாடு இருந்தது. தமிழோடு தெலுங்கும் மராத்தியும் சௌராஷ்டிரமும் வடமொழியும் வழங்கிய தஞ்சைக்கு இது மகிழ்வூட்டும் செய்தி. அறிந்த பாடலை ஆயிரமுறை சொல்வதோடு நில்லாமல், மாதம் ஒரு புதிய பதிகத்தைப் பொருளுடன் பயின்று பேரக்குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தால் மனம் உழைக்கும்.

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, இத்தகைய சீர்களை ஒருங்கே சோதித்தது. நல்லுணவு, உடற்பயிற்சி, மனப்பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் இரண்டாண்டுகள் சேர்த்துக் கடைப்பிடித்தோர், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரைவிட அறிவுத்திறனில் மேம்பட்டிருந்தனர்.

பல்லக்கைத் தாங்கியவர்

ஏழூர்களுள் ஒன்றான திருப்பூந்துருத்தியில் திருநாவுக்கரசர் திருமடம் அமைத்துத் தங்கியிருந்தார். காண வந்த இளைய ஞானசம்பந்தரின் சிவிகையைக் கூட்டத்தோடு கூட்டமாய் நின்று தாமே சுமந்தார் என்கிறது பெரியபுராணம். எண்பத்தோரு வயது வாழ்ந்ததாகப் போற்றப்படும் அப்பெருமான் இறுதிவரை நடந்தார், பாடினார், உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார், அடியாரோடு கூடியிருந்தார்.

இவ்வளவும் செய்தும் மறதி சிலரை அணுகவே செய்கிறது. அது அவர்தம் பக்தியின் குறையன்று, முன்வினை என்று பழி சுமத்தவும் இடமில்லை. அத்தகைய மூத்தவரை வீட்டில் மறைத்து வைக்காமல், கூட்டமில்லாத வேளையில் கைபிடித்துச் சந்நிதிக்கு அழைத்துவரலாம். பெயர்களை மறந்தவரும் பழகிய பண்ணைக் கேட்டதும் உதடசைப்பதுண்டு. அன்று முதியவர் இளையவரின் சிவிகையைத் தாங்கினார். முதியவரைத் தாங்கும் முறை இன்று இளையவருக்கு வந்திருக்கிறது.