யாரிடம் சொல்லணும்? யாரிடம் சொல்லக் கூடாது?

"நமக்கெதுக்கு வம்பு? அது அடுத்த வீட்டு விஷயம்!"

ஒரு குழந்தையின் முதுகில் பெல்ட் தழும்பைப் பார்த்த பிறகும் இப்படிச் சொல்லி ஒதுங்கிக் கொள்கிறவர்கள் உண்டு. இன்னொரு ரகமும் உண்டு. பார்த்ததைப் பத்துப் பேரிடம் சொல்லி, "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் இந்த இரண்டு பேருமே சொல்வதில்லை.

படிக்காதவர்கள்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகளைக் காப்பதையே உத்தியோகமாகக் கொண்ட டாக்டர், நர்ஸ், போலீஸ் அதிகாரி, சமூக நல ஊழியர் எல்லோரும் தங்களுக்குள் விஷயத்தைச் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் போனதுண்டு. அதற்கு லண்டனில் பலியானது எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் உயிர்.

எல்லோரும் பார்த்தார்கள்!

விக்டோரியா கிளிம்பி ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்தவள். வெளிநாட்டில் நல்ல படிப்பு கிடைக்கும் என்று நம்பி, பெற்றோர் அவளை உறவுக்காரப் பெண் ஒருத்தியுடன் அனுப்பி வைத்தார்கள். முதலில் பிரான்ஸ், பிறகு 1999 ஏப்ரலில் லண்டன்.

அந்த ஜூலை மாதமே அவளை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. உடம்பில் இருந்த காயங்களைப் பார்த்த டாக்டர்கள், யாரோ அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, 'இது சொறி சிரங்கு' என்றார். அவ்வளவுதான், மறுநாளே குழந்தை பழைய இடத்துக்கே போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து, முகத்தில் வெந்த புண்ணோடு வேறோர் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அங்கே 13 இரவுகள் இருந்தாள். உடம்பில் பழைய அடிகளின் அடையாளங்களை நர்சுகள் பார்த்தார்கள். அந்த உறவுக்காரி வந்தாலே குழந்தை நடுங்கியதையும் பார்த்தார்கள். ஆனால் பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதி வைக்கவில்லை. எழுதியதும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை.

2000 பிப்ரவரி 25-ம் தேதி விக்டோரியா இறந்தாள். பிரேதப் பரிசோதனையில் அந்தச் சின்ன உடம்பில் எண்ணப்பட்ட காயங்கள் 128! உறவுக்காரிக்கும் அவளுடைய சிநேகிதனுக்கும் 2001-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

பிறகு லார்ட் லேமிங் என்பவர் தலைமையில் பெரிய விசாரணை நடந்தது. 2003 ஜனவரியில் வெளியான அறிக்கை 108 சிபாரிசுகளைச் செய்தது. அந்தக் குழந்தையைக் காப்பாற்றக் குறைந்தது 12 சந்தர்ப்பங்கள் வாய்த்தும் அத்தனையும் கைநழுவிப் போயின என்றது. நான்கு உள்ளூர் சமூக நல இலாகாக்கள், இரண்டு ஆஸ்பத்திரிகள், போலீஸின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகள் என்று எத்தனையோ பேருக்கு அவளைப் பற்றித் தெரிந்திருந்தது. ஆனால் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்திருந்தால்?

நோயாளியின் ரகசியம் என்னாவது?

"நோயாளி விஷயத்தை வெளியே சொல்வது தப்பில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது டாக்டரின் தர்மம். ஆனால் அந்த ரகசியம் குழந்தையைக் காக்க வேண்டுமே தவிர, குழந்தையை அடித்தவரைக் காக்கக் கூடாது.

அதனால்தான், குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் பெற்றோரின் சம்மதம் இல்லாமலேகூடத் தகவலைப் பரிமாறிக்கொள்ளலாம் என்கின்றன பிரிட்டிஷ் அரசின் வழிகாட்டி விதிகள். அதற்கும் எல்லை உண்டு. தேவையானதை மட்டும், சரியானதை மட்டும், தேவையானவரிடம் மட்டும், தாமதிக்காமல் சொல்ல வேண்டும். ஏன் சொன்னோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம்

இதே தர்மசங்கடம் நம் ஊர் டாக்டருக்கும் டீச்சருக்கும் வருகிறது. இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

2012 நவம்பர் 14 முதல் அமலில் இருக்கும் போக்சோ சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்தது. அப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தால், அல்லது நடக்கக்கூடும் என்று அஞ்சினாலே, போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். இது டாக்டர், டீச்சர், நீங்கள், நான் எல்லோருக்கும் பொது. தெரிந்தும் தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை போகலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குப் போட முடியாது.

போலீஸ் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவும் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் விசேஷ நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். குழந்தைக்குத் துணையாக ஓர் ஆளை அந்தக் குழு நியமிக்கலாம். அவரும் குழந்தையின் விஷயங்களை வெளியே சொல்லக் கூடாது.

இது கதவைத் திறக்கிற பக்கம். மூடுகிற பக்கமும் உண்டு. குழந்தையின் பெயர், போட்டோ, விலாசம், பள்ளிக்கூடம், குடும்பம் எதையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் அதிகாரி சீருடையில் வரக் கூடாது. கூடுமானவரை பெண் அதிகாரியே வர வேண்டும். வழக்கு விசாரணையும் மூடிய அறையில்தான்.

2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவாகச் சொன்னது. பெயர் உள்ள தஸ்தாவேஜுகளைப் போலீசார் கூடுமானவரை சீல் வைத்த உறையில் வைக்க வேண்டும். விசாரணைக்காக யார் யாருக்கெல்லாம் பெயர் சொல்லப்பட்டதோ, அவர்கள் எல்லோரும் அதை ரகசியமாகக் காக்கக் கடமைப்பட்டவர்கள்.

2022-ல் இன்னொரு தீர்ப்பு. கர்ப்பமான சிறுமியை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரவே பெற்றோர் பயப்படுகிறார்கள். 'போலீஸ், கேஸ் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே' என்ற பயம். கடைசியில் அரைகுறை வைத்தியத்தில் உயிரே போகிறது! டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லித்தான் ஆகணும். ஆனால் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அவள் பெயரையும் அடையாளத்தையும் அந்தத் தகவலில் சொல்ல வேண்டியதில்லை என்றது சுப்ரீம் கோர்ட். இது தெரிந்தால் எத்தனை தாய்மார்களின் பயம் தீரும்!

நம் பங்கு

ஒரு குழந்தை உங்களிடம் வந்து, "ஆன்ட்டி, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள்? "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. "உன்னைக் காப்பாத்தறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்மா, வேற யாருக்கும் தெரியாது" என்று சொல்லுங்கள். அது உண்மை.

குறுக்கு விசாரணை வேண்டாம். 'அவன்தானே? இப்படித்தானே செய்தான்?' என்று வாயில் வார்த்தையைப் போடாதீர்கள். குழந்தை சொன்னதைச் சொன்னபடியே, தேதி போட்டு எழுதி வையுங்கள். காயம் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பிறகு, 1098 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்காகவே இரவு பகலாக இயங்கும் எண் அது. அடி, உதை, பட்டினி போடுவது போன்ற கொடுமைகளுக்கும் அழைக்கலாம். சாட்சியம் சேர்ப்பது நம் வேலையில்லை. சந்தேகம் இருக்கிறது என்று சொன்னாலே போதும்.

முக்கியமாக ஒன்று. வாட்ஸ்அப்பில் போட்டோவோ பெயரோ அனுப்பாதீர்கள், அது இரக்கத்தோடு அனுப்பியதாக இருந்தாலும் சரி. நாளைக்கு அந்தக் குழந்தை அதே தெருவில்தான் விளையாட வேண்டும், அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். 'அந்தப் பெண்தானே இது?' என்று யாரும் திரும்பிப் பார்க்காமல் அவள் வளர வேண்டும்.