நாக்குக்குத் தெரியாத சர்க்கரை

மஸ்ஜித் இந்தியா பக்கம் நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் பொடி வாங்கி வாயில் போட்டுக்கொண்ட வாசகர் கேட்கிறார்: “அதற்கப்புறம் குடித்த தே தாரிக், சர்க்கரை போடாத கொசோங் மாதிரி சப்பென்று இருந்தது. மூலிகை சர்க்கரையை முறித்துவிட்டதுதானே? நீரிழிவு மாத்திரையை நிறுத்தலாமா?”

வேண்டாம். அந்தத் தேநீரில் சர்க்கரை அப்படியே இருந்தது. ஏமாந்தது நாக்கு.

ஆனால் ஏமாற்றிய விதம் அபாரம். இனிப்பை உணரும் ஏற்பி, இரு புரதங்களின் கூட்டு. சர்க்கரை வந்து அமர்வது அதன் வெளிப்பகுதியில். சிறுகுறிஞ்சான் இலையின் ஜிம்னெமிக் அமிலங்கள் அந்த இடத்துக்குப் போட்டியே போடுவதில்லை. டி1ஆர்3 என்ற புரதத்தின், செல்சவ்வுக்குள் புதைந்த பகுதியைப் பற்றிக்கொள்கின்றன. விருந்தாளி வாசலில் அழைப்பு மணியை அழுத்துகிறார், பட்டனும் அமுங்குகிறது, உள்ளே வயர் துண்டிப்பு. காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின் கரைசலால் வாய் கொப்பளித்தால் வயர்மேன் வந்த கதைதான், மணி அடிக்கும். அவர் வராவிட்டாலும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வயர் தானே ஒட்டிக்கொள்ளும். விருந்தாளியோ அதற்குள் குடல் என்கிற பின்வாசல் வழியாக ரத்தத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்.

வரலாறு வேண்டுமென்றால், 1847-லேயே எட்ஜ்வொர்த் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இந்த நாக்கு வித்தையைப் பதிவு செய்துவிட்டார். போதும்.

ரத்தச் சர்க்கரைக்கு ஒன்றுமே செய்யாதா? 1990-இல் சென்னை ஆய்வாளர்கள் 22 நோயாளிகளுக்கு, வழக்கமான மாத்திரையோடு, இலைச்சாற்றை நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது, ஐந்து பேர் மாத்திரையை விடவும் முடிந்தது. நல்ல செய்திதான். ஆனால் யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்று மறைத்து நடத்திய சோதனை அல்ல அது. கொடுத்ததும் அளந்து வடித்த சாறு, பொட்டலப் பொடி அல்ல. 2023 கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினர் நீரிழிவோடு வாழும் மலேசியாவுக்கு 22 பேரின் அனுபவம் எம்மாத்திரம்? நீரிழிவைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதையே இங்கே 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வாட்ஸ்அப் அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை.

மாத்திரையோடு சிறுகுறிஞ்சானையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம். கிளினிக்கில் சொல்லாமல் தொட வேண்டாம்.

எலி ஆய்வைக் காட்டி விற்பவர்களுக்கு ஒரு கொசுறு: மனித நாக்கை மயக்கும் ஜிம்னெமிக் அமிலத்தை எலியின் நாக்கு அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. எலிக்கென்று அதே இலையில் குர்மாரின் என்று வேறொரு சிறு புரதம் இருக்கிறது. அது நம் நாக்கில் பெரிதாக எதுவும் செய்யாது.