மாத்தாங் கழிமுகத்து ஓங்கில்கள்

கோலா கங்சாரிலிருந்து தைப்பிங்கைக் கடந்து மேற்கே சென்றால் மாத்தாங் அலையாத்திக் காட்டை அடையலாம். கரிச்சூளைகளுக்கு மரம் தரும் காடாகவே அதனை நம்மில் பலர் அறிவோம். டால்பின் எனப்படும் ஓங்கில்களுள் ஒன்றான ஐராவதி ஓங்கிலும் அதன் கழிமுகங்களில் வாழ்கிறது.

ஓங்கில் மீனன்று, பாலூட்டி. நுரையீரலால் மூச்சுவிடுவதால் அடிக்கடி நீர்மட்டத்திற்கு வரவேண்டும். மீனுக்கு விரித்த செவுள்வலையில் சிக்கினால் மேலெழ இயலாமல் மூச்சடைத்து மாளும். ஈற்றுக்கு ஒரு கன்றே ஈனுவதால் இழப்பு எளிதில் ஈடாவதில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017இல் இவ்வினத்தை அழியும் நிலையிலுள்ளதாக அறிவித்தது.

மலேசியாவின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் கடற்பாலூட்டிகளைப் பிடிப்பதைத் தடைசெய்கிறது. தற்செயலாகச் சிக்கி உயிரோடிருப்பவற்றை உடனே விடுவிக்கப் பணிக்கிறது. 2012இல் தோன்றிய மாரெசெட் அமைப்பு முதுகுத் துடுப்புகளைப் படமெடுத்து, மாத்தாங் ஓங்கில்களைத் தனித்தனியே அடையாளங்கண்டு ஆராய்கிறது.

எனினும், வலையில் சிக்கிய ஓங்கிலுக்கு எஞ்சியிருப்பவை சில நிமிடங்களே. அந்நேரத்தில் அருகிலிருப்பவர் மீனவர் ஒருவரே. அவரைக் குற்றவாளியாக்காமல் துணைவராக்கும் முயற்சியே ஓங்கிலைக் காக்கும். காட்டைக் காணச் செல்லும் மாணவர்க்கு ஆசிரியர்கள் இதனையும் எடுத்துரைத்தல் வேண்டும்.