‘ஆய்வுகூடத்தில் பரிசோதித்தது’: தட்டில் வைக்கு முன் கேளுங்கள்

படர்தாமரைக்கு, தேமலுக்கு, கால்விரல் இடுக்குப் புண்ணுக்கு என்று மூலிகைக் களிம்புகளும் சவர்க்காரங்களும் கடை கடையாக வருகின்றன. ‘ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கப்பட்டது’ என்று பெட்டியில் இருக்கும். கொமிஷனும் கூடுதல். வாங்கி அடுக்கு முன் அந்த வார்த்தையின் அர்த்தத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் கம்பனியை அறியார், எம்மைத்தான் அறிவார்.

மூலிகைக்குச் சக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. படர்தாமரைக்கு எமது முன்னோர் பூசிய வண்டுகொல்லி இலை, பிலிப்பைன்ஸ் சுகாதாரத் திணைக்களம் அங்கீகரித்த 10 மூலிகைகளில் ஒன்று. வாழைப்பழத்தை அழுகச் செய்யும் பங்கசுகளைக் கறுவா, கராம்பு எண்ணெய்கள் அடக்குவதைக் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டார்கள்.

பரிசோதனை இப்படித்தான் நடக்கும். இலையை உலர்த்தி அரைத்து, மதுசாரத்தில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். கூழ் போன்ற ஊட்டம் ஊற்றிய கண்ணாடித் தட்டில் பங்கசைப் பரப்பி, சாற்றில் நனைத்த சிறு கடதாசி வட்டத்தை நடுவில் வைப்பார்கள். சில நாளில் பங்கசு தட்டெங்கும் வளரும். சாறு வேலை செய்தால் கடதாசியைச் சுற்றி மட்டும் வளராது. அந்த வெற்றிடத்தை மில்லிமீற்றரில் அளப்பார்கள்.

எனவே பொருளைக் கொண்டுவருபவரிடம் நாலு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: எதனுடன் ஒப்பிட்டீர்கள்? மதுசாரமே பங்கசைக் கொல்லும். வெறும் மதுசாரம் தொட்ட கடதாசியும், குளோட்ரிமசோல் போன்ற தெரிந்த மருந்து தொட்ட கடதாசியும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு: பங்கசு செத்ததா, வளர்ச்சி நின்றதா? நின்றது மட்டும் என்றால், பூசுவதை விட்டதும் திரும்ப வரலாம்.

மூன்று: மனிதத் தோலில் பார்த்தீர்களா? கறுவாப்பட்டை எண்ணெய் தட்டில் நன்றாக வேலை செய்யும். கலக்காமல் பூசினால் தோல் எரிந்து புண்ணாகும். பரிசோதித்த சாறு இந்தக் களிம்பில் எத்தனை வீதம் என்பதையும் கேளுங்கள்.

நாலு: ஆயுர்வேத மருந்து என்றால் ஆயுர்வேதத் திணைக்களத்தின் அனுமதி எங்கே?

பதில் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். சீனி வியாதிக்காரர் ஒருவர் எமது பேச்சை நம்பி, கால்விரல் இடுக்கில் இதையே பூசிக்கொண்டு ஒரு மாதம் கடத்தினால், புண் முற்றிக் காலுக்கே ஆபத்தாகலாம். கொமிஷன் அதற்கு ஈடாகாது.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு அடியில் இருந்த ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைக்கச் சொன்ன சம்பவம் நாம் அறிந்ததே. பெட்டிக்கு மேலே உள்ள எழுத்தை மட்டும் பார்த்து விற்கும் நமக்கும் அந்தப் பாடம் பொருந்தும். நல்ல மூலிகைப் பொருளும் சந்தையில் உண்டு. கேட்டுத் தெரிந்து அதை விற்போம். அல்லாஹ் பரக்கத் செய்வான்.