முதல் நூறு மூலக்கூறுகளின் பாடு

'காற்றில்தான் இவ்வளவு ஈரம் இருக்கிறதே, உப்பைத் தூவினால் மழை பெய்துவிடாதா?' செயற்கை மழைச் செய்தி வரும்போதெல்லாம் வாசகர்கள் கேட்கும் கேள்வி இது. உப்பே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். வேடிக்கை அங்கேதான் இருக்கிறது.

ஈரப்பதம் 100 சதவீதத்தைத் தாண்டினால் நீராவி துளியாகிவிடும் என்று படித்திருக்கிறோம். தூசு துரும்பில்லாத காற்றில் 300 சதவீதத்தில்கூட அது ஆவியாகவே சுற்றிக்கொண்டிருக்கும். நீர் மூலக்கூறுகளுக்குள் ஈர்ப்பு இல்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. வில்லங்கமே அதுதான்.

டீக்கடை வாசலில் நாலு பேர் அரட்டையடித்தால், நாலு பேருமே ஓரத்தில்தான் நிற்கிறார்கள். ஒரு போன் வந்தால் போதும், கழன்றுகொள்வார்கள். கூட்டம் பெருகிவிட்டால் நடுவில் மாட்டியவர் நினைத்தாலும் நகர முடியாது. ஒரு நானோமீட்டர் ஆரமுள்ள துளியில் ஏறக்குறைய 140 மூலக்கூறுகள். பாதிக்கு மேல் விளிம்பில், போதிய பிடிமானமில்லாமல். அது ஆவியாகாமல் தாக்குப்பிடிக்க, சுற்றிலும் சுமார் 290 சதவீத ஈரப்பதம் வேண்டும். ஆரம் 10 நானோமீட்டர் என்றால் 111 போதும். வளர்ந்தால் பிழைக்கலாம், பிழைத்தால்தான் வளரலாம். ஈர்ப்பு வலுக்க வலுக்க, விளிம்பில் நிற்பதன் நட்டமும் கூடுகிறது. பிடிப்பு தளர்ந்த ஆல்கஹால் ஆவி, தண்ணீரைவிடச் சுலபமாகத் துளியாவது இதனால்தான்.

டீக்கடையை விட மனமில்லை. இரண்டு பேர் ஓடிவந்து கட்டிக்கொண்டால், அந்த வேகத்தை வாங்கிக்கொள்ள மூன்றாவது ஆள் வேண்டும். இல்லையேல் இருவரும் தெறித்துவிடுவார்கள். மூலக்கூறுகள் சேரும்போது வெளிப்படும் ஆற்றலையும் இப்படி யாராவது சுமந்துபோக வேண்டும். வாசலில் ஒரு பெஞ்சு போட்டால் கதையே வேறு. வந்தவர் உட்கார்ந்துவிடுவார், கூட்டம் முதலிலேயே பெரிதாகத் தொடங்கும். தூசு அந்த பெஞ்சு. உப்புத்துகள், பெஞ்சோடு ஓசி டீயும் தருகிறது: தண்ணீரில் கரைந்து, மூலக்கூறுகள் தப்பிப்பதையும் குறைக்கிறது. அதனால்தான் மேகம் உருவாகப் பெரும்பாலும் 101 சதவீதம்கூடத் தேவைப்படுவதில்லை.

வரலாறு வேண்டுவோருக்கு: சிறு துளியின் கணக்கை 1871இல் எழுதியவர் பின்னாளைய கெல்வின் பிரபு; தூசின் பங்கை 1880இல் வலியுறுத்தியவர் ஜான் அய்ட்கென்; தூசுக்குப் பதில் அயனிகளில் துளிகளை வளர்த்து, 1927இல் நோபல் வாங்கியவர் வில்சன்.

இப்போது உப்புக்கு வருவோம். கடல்மேல் வீசும் சுத்தமான காற்றிலேயே கன சென்டிமீட்டருக்கு நூறு துகள் அளவில் இருக்கும். நிலத்தின்மேல் இன்னும் அதிகம். பெஞ்சுக்குப் பஞ்சமில்லை. ஒரு மழைத்துளிக்குச் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். பெரிய உப்புத்துகள்கள் அந்தச் சேர்க்கையைத் துரிதப்படுத்தும் என்பதே திட்டக்காரர்களின் வாதம். அதற்கு முதலில் மேகம் வேண்டும். விமானம் பறந்தது, மழை பெய்தது என்று அறிவிப்பு வந்தால், பக்கத்தில் உப்புத் தூவாத மேகம் எவ்வளவு பெய்தது என்று கேளுங்கள்.