அலைகடலுக்கு அனுப்புமுன்

கோடை விடுமுறை நெருங்குகிறது. பங்குக் கோயிலில் மறைக்கல்வி வகுப்பு முடிந்து வீடு திரும்பும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, "அப்பா, சென்னையில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்களாம், நானும் போகட்டுமா?" என்று கேட்கிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்து வந்த தந்தையும், அடுப்படியில் நிற்கும் தாயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கின்றனர். வாயில் வரும் முதற்சொல், "வேண்டாம்" என்பதே.

அந்தச் சொல்லைக் குறை கூறுவதற்கில்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்தார் அவ்வளவு எளிதில் மறக்கக்கூடிய நாளன்று 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25. கிறிஸ்து பிறப்பு விழாவன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகேறிச் சென்றவர்களுள் 22 பேர், படகு கவிழ்ந்து மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். பாலன் பிறந்த நாளில் பிணங்களைக் கரையேற்றிய அந்தக் காட்சியைக் கேள்வியுற்ற எந்தத் தாய்க்கும் தண்ணீர் என்றாலே நெஞ்சு நடுங்கும்.

ஆயினும் அன்புள்ள பெற்றோரே, அந்தத் துயரம் நமக்குக் கற்பிக்கும் பாடம் யாது? "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்பதா? நம் பிள்ளைகளைச் சுற்றிலும் தண்ணீர்தானே இருக்கிறது! ஆரணியாறு, ஏரிகள், பாசனக் கிணறுகள், மழைநீர் நிரம்பிய கைவிடப்பட்ட பள்ளங்கள், பழவேற்காட்டுக் காயல், அதற்கப்பால் வங்கக் கடல். தடுத்து வைத்த பிள்ளை என்றேனும் ஒருநாள் நண்பர்களுடன் நமக்குத் தெரியாமல் இறங்கும். அப்போது அதற்கு நீச்சலும் தெரியாது, நீரின் குணமும் தெரியாது. நீரை அறிந்தவர்களிடம், முறைப்படி, தக்க காவலோடு கற்றுக்கொள்ளச் செய்வதே அறிவுள்ள அன்பு.

முகாம் என்பது யாது?

சென்னைத் துறைமுகப் பகுதியில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் சிறுவர் சிறுமியருக்குப் பயிற்சி அளித்து வருகிறது. 1911-இல் தோன்றிய ராயல் மெட்ராஸ் படகுக் கழகமும் அதே துறைமுகத்தைச் சார்ந்ததே. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 2009-இல் தம் பன்னிரண்டாம் வயதில், தமிழ்நாட்டுச் சங்கத்தின் கோடை முகாம் ஒன்றில்தான் முதன்முதலாகப் பாயை விரித்தார். 2020-இல் மயாமியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றார். 2021-இல் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார். டோக்கியோவிலும், 2024-இல் பாரிசிலும் அவருக்குப் பதக்கம் கிட்டவில்லை. ஆனால் பெண்பிள்ளைக்குக் கடல் எதற்கு என்று கேட்டவர்களுக்கு விடை கிட்டிவிட்டது.

சிறுவர்கள் பழகும் படகுக்கு 'ஆப்டிமிஸ்ட்' என்று பெயர். நன்னம்பிக்கை உடையவன் என்பது அதன் பொருள். 1947-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிளார்க் மில்ஸ் என்பார் இதனை வடிவமைத்தார். நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், எடை 35 கிலோ, ஒரே பாய், பதினைந்து வயது வரை உள்ள சிறுவர் ஒருவரே தனித்துச் செலுத்தலாம். பெட்டி போன்ற இப்படகின் உள்ளே காற்றடைத்த பைகள் உள்ளமையால், கவிழ்ந்தாலும் மூழ்கிவிடாது. படகை வேண்டுமென்றே கவிழ்த்து, மீண்டும் நிமிர்த்தி ஏறுவதே தொடக்கப் பாடங்களுள் ஒன்று. விழுவதையும் எழுவதையும் முதலிலேயே கற்பிக்கும் பள்ளி எத்துணை நல்ல பள்ளி!

உடலைப் பழக்குதல்

முகாமுக்கு மூன்று மாதம் முன்னதாகவே நீச்சல் தொடங்கட்டும். பயிற்சியாளர் உள்ள நீச்சற்குளமே ஏற்றது. கிணற்றிலும் பள்ளத்திலும் தனியே விடுவது கூடாது. உடுத்திய ஆடையோடு 50 மீட்டர் நீந்தவும், சில நிமிடம் கால் ஊன்றாமல் மிதக்கவும், தலை நீருக்குள் சென்றால் பதறாமல் இருக்கவும் பிள்ளை பழகிவிட்டால் நமக்கும் நெஞ்சு நிம்மதி அடையும்.

'லைப் ஜாக்கெட்' எனப்படும் மிதவைச் சட்டையை அணியும் முறையைப் பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும். வளர்ந்த பிறகும் ஆகும் என்று பெரிய அளவில் வாங்கும் பள்ளிச் சட்டை போன்றதன்று இது; பிள்ளையின் எடைக்குத் தக்கதாய் இருக்க வேண்டும். வார்களை இறுக்கிய பின், தோட்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது பயன்படாது.

ஒரு விதியை மட்டும் மனப்பாடம் ஆகும் வரை சொல்லிக் கொடுங்கள்: படகு கவிழ்ந்தால், கரை எவ்வளவு அருகில் தோன்றினாலும், படகை விட்டு நீந்திப் போகக்கூடாது. அலையின் நடுவே சிறு தலை கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் படகு தெரியும். மீட்பவர் அதை நோக்கியே வருவர். அதுபோலவே, பாயின் அடியில் கிடைமட்டமாய் இருக்கும் கழி, படகு திரும்பும்போது பக்கம் மாறி வீசும். அவ்வேளையில் தலை தாழ்த்த வேண்டும்.

காற்றைப் படித்தல்

இதற்குச் செலவில்லை. மாலையில் மொட்டைமாடியில் பிள்ளையோடு நில்லுங்கள். உலரும் துணி எப்பக்கம் பறக்கிறது, தொழிற்சாலைப் புகை எத்திசை சாய்கிறது என்று கேளுங்கள். வடக்கே பிறந்தது வாடை, தெற்கே பிறந்தது தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை என்று நம் முன்னோர் நான்கு காற்றுக்கும் பெயர் வைத்தனர். கோடை நாளில் நிலம் கடலைவிட விரைந்து சூடேற, தரைமேல் உள்ள காற்று எழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது; காலையில் மெல்ல இருந்த காற்று பிற்பகலில் வலுப்பதன் காரணம் இதுவே.

ஒரு ஞாயிறு மாலை பழவேற்காட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். போர்த்துக்கீசியர் காலம் முதல் வழங்கிவரும் மகிமை மாதா கோயிலில் செபித்துவிட்டுக் கரையில் நின்று மீனவப் பெரியவர்களிடம் பணிவோடு பேச விடுங்கள். புத்தகம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். எத்தனை ஆண்டு பழகியவரும் முகத்துவாரத்து நீரோட்டத்தை மதிப்பதை உங்கள் பிள்ளை அறியட்டும். கடலோடிகளை இளக்காரமாய்ப் பேசும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தால் அன்றோடு ஒழியட்டும்.

பையில் வைக்க வேண்டியவை

விரைவில் உலரும் முழுக்கைச் சட்டை இரண்டு, தாடையின் கீழ்க் கட்டும் தொப்பி, காலை மூடும் ரப்பர்க் காலணி, மாற்றுடை, துண்டு, தண்ணீர்ப் புட்டி. மூக்குக் கண்ணாடி அணியும் பிள்ளைக்கு, அதைத் தலையின் பின்புறம் கட்டும் நாடா அவசியம். நனைந்தால் கனக்கும் ஜீன்ஸ் வேண்டாம். கழுத்துச் சங்கிலியும் காதணியும் கயிற்றில் சிக்கும். அவை வீட்டில் இருக்கட்டும். இழுப்பு, வலிப்பு, காதில் சீழ் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் கேட்டு, பயிற்சியாளருக்கு எழுதிக் கொடுங்கள். மறைப்பது மானம் காப்பதாகாது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் சென்னை சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். புனித பவுல் ஏறிய கப்பல் புயலில் தத்தளித்தபோது, பல நாள் உண்ணாதிருந்த பயணியரை அவர் முதலில் உண்ணச் சொன்னார் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. 276 பேரும் உயிரோடு கரை சேர்ந்தனர். இட்லியும் வாழைப்பழமும் போதும். எண்ணெய்ப் பண்டம் படகில் வயிற்றைப் புரட்டும்.

கேட்கக் கூச வேண்டாம்

பணம் கட்டுமுன் தாயோ தந்தையோ நேரில் சென்று கேளுங்கள்: காவலுக்கு விசைப்படகு உடன் வருமா? ஒரு பயிற்சியாளர் எத்தனை பிள்ளைகளைக் கவனிக்கிறார்? முதலுதவி அறிந்தவர் உண்டா? மிதவைச் சட்டையின்றி எவரையும் ஏற்றுவதில்லை என்ற கட்டுப்பாடு உண்டா? வானிலை எச்சரிக்கை வந்தால் நிறுத்துவார்களா? பெண்பிள்ளைகளுக்கு உடை மாற்றத் தனியறை உண்டா? துறைமுகத்துள் நுழைய அனுமதி பெறும் முறை என்ன? தெளிவான விடை சொல்லாத இடத்துக்கு, இலவசமாய் அழைத்தாலும் அனுப்பாதீர்கள். வகுப்பு ஞாயிற்றுக்கிழமையிலும் நடந்தால், சனி மாலைத் திருப்பலியில் பங்குகொள்ள முன்னரே திட்டமிடுங்கள்.

மனத்தைப் பழக்குதல்

முதல் நாள் அழுதுகொண்டு திரும்பினால் ஏளனம் செய்யாதீர்கள். "பக்கத்து வீட்டுப் பையன் பயப்படவில்லையே" என்றும் சொல்லாதீர்கள். சீடர்களுள் சிலர் மீனவர்கள். கலிலேயாக் கடலிலேயே வளர்ந்தவர்கள். அவர்களும் அன்றிரவு புயலில் அலறினர். ஆண்டவர் படகின் பின்புறம் தலையணைமேல் உறங்கிக்கொண்டிருந்தார். எழுந்து காற்றை அடக்கிய பிறகே, அவர்களுடைய அச்சத்தைப் பற்றிக் கேட்டார். முதலில் துணை நிற்பது, பிறகே பாடம் சொல்வது; பெற்றோர்க்கு இதைவிட நல்ல முறை வேறில்லை.

மூன்றாம் நாளும் பிள்ளைக்கு மனம் ஒப்பவில்லையெனில் வற்புறுத்தாதீர்கள். கற்ற நீச்சல் அதனோடேயே இருக்கும்; செலவிட்ட பணம் வீணாகவில்லை.

புறப்படும் காலையில், நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டு, கடலின் விண்மீனாம் அன்னை மரியாவிடம் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லி அனுப்புங்கள். செபம் மிதவைச் சட்டைக்கு மாற்றன்று. மிதவைச் சட்டை செபத்துக்கு மாற்றன்று. இரண்டையும் அணிந்து செல்லட்டும் நம் பிள்ளை. மாலையில் உப்புப் படிந்த முகத்தோடு வாசலில் வந்து நின்று, "அம்மா, நானே தனியாக ஓட்டினேன்!" என்று அது சொல்லும்போது, அச்சத்தை அடக்கிக்கொண்டு அனுப்பிய உங்கள் அன்பு எத்தகையது என்பது உங்களுக்கே விளங்கும்.